மலை எந்தப் பக்கம் பாத்து நிக்குது?

வாசகர் கேள்வி பதில்

போன இதழ்ல “உங்க ஊரு மழை, குளிர், காத்து பத்தி என்ன கேக்கணும்னாலும் எழுதுங்க”ன்னு கேட்டிருந்தோம். வட்டவளையில இருந்து லுணுகலை வரைக்கும் கடிதம் வந்திருக்கு, நிறைய பேரு வாட்ஸப்ல குரலாவே அனுப்பிட்டீங்க, எல்லாத்தையும் உக்காந்து கேட்டேன். முப்பது வருஷத்துக்கு மேல நம்ம இலங்கை மலையகத்துல புவியியல் படிச்சுக் குடுத்தவ நான். பாடப்புத்தகத்துல நாலு வரியில முடிஞ்சுபோற விஷயத்த நீங்க உங்க துணி காயுற கொடியில இருந்தும் கிழங்குப் பாத்தியில இருந்தும் கேட்டிருக்கீங்க, அது எனக்கு ரொம்பப் பெரிய சந்தோஷம். எல்லாத்துக்கும் இங்க எடம் இல்ல, ஏழு கேள்விய மட்டும் எடுத்திருக்கேன்.

நான் பொறந்தது வட்டவளை, கட்டிக்கிட்டு வந்தது பண்டாரவளை. ஆடி மாசம் அம்மா வீட்டுக்குப் போனா போட்ட துணி ஒரு கெழமைக்குக் காயாது, லயத்துச் (தோட்டத்து வரிசை வீட்டுச்) செவரு பூரா ஈரம், வெறகு கூட நனைஞ்சு கெடக்கும். திரும்பி இங்க வந்தா பீலியில தண்ணி நூலாட்டம் வருது, காத்து மூஞ்சிய உரிக்குது. ரயில்ல நாலு மணி நேரப் பயணம்தான். ரெண்டும் மலைதானே, ஏன் இப்புடி? – பண்டாரவளை வாசகி

தங்கச்சி, மலையகத்து காலநிலையோட மொத்தக் கதையும் உங்க ரயில் டிக்கட்டுக்குள்ள இருக்கு, அதனால இதுக்கு மட்டும் கொஞ்சம் நீளமா பதில் சொல்றேன்.

மே மாசத்துல இருந்து செப்டெம்பர் வரைக்கும் நமக்கு தென்மேற்கு பருவக்காத்து. அது இந்து சமுத்திரத்து மேல ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் வந்து, வழியெல்லாம் ஈரத்த உறிஞ்சிக்கிட்டு, கொழும்பு களுத்துறை பக்கமா கரையேறி, இரத்தினபுரி தாண்டி நேரா வந்து நம்ம மலையில முட்டுது. சிவனொளிபாத மலை 2243 மீட்டர், அங்க இருந்து கிழக்கால ஹோட்டன் சமவெளி, கிரிகல்பொத்த, அப்புத்தளை வரைக்கும் ஒரு பெரிய மதில் மாதிரி மலைத்தொடர். காத்து மதில தொளைச்சிக்கிட்டுப் போகாது, ஏறித்தான் ஆகணும். ஏற ஏற காத்து விரிஞ்சு குளிருது, குளிர்ந்த காத்தால அவ்வளவு ஈரத்தயும் தூக்கி வச்சிருக்க முடியாது, மேகமாகி அங்கனயே கொட்டிருது. அந்த முதல் அடிய வாங்குறதுதான் கினிகத்தேனை, வட்டவளை, நோர்ட்டன், மஸ்கெலியா பக்கமெல்லாம். வட்டவளை கினிகத்தேனை பகுதியில வருஷத்துக்கு 5000 மில்லிமீட்டருக்கு மேல மழை பெய்யுது. அத 5 மீட்டர்னு சொல்லிப் பாருங்க. ஒரு வருஷத்து மழை எங்கயும் ஓடாம, ஊறாம அப்புடியே தேங்கி நின்னுச்சுன்னா உங்க அம்மா வீட்டு லயத்துக் கூரையே தண்ணிக்குள்ள போயிரும். துணி எங்க காயும்?

இப்ப மதிலுக்கு இந்தப் பக்கம் வாங்க. மழைய அங்கயே எறக்கி வச்சிட்ட அதே காத்து மலை உச்சிய தாண்டி ஊவா பக்கம் எறங்குது. எறங்குற காத்து நசுங்குது, நசுங்கினா சூடாகுது, சைக்கிளுக்கு காத்தடிக்கிறப்ப பம்பு சுடுதே அதே சங்கதிதான். இதுல ஒரு கணக்கு இருக்கு, இத நான் ஒவ்வொரு வருஷமும் கரும்பலகையில போட்டுக் காட்டுவேன். ஏறுறப்ப காத்து மேகமாகுற வரைக்கும் 1000 மீட்டருக்கு 10 டிகிரி அளவு குளிரும், மேகமான பொறவு அதுக்குள்ள இருந்த ஆவி தண்ணியாகி வெப்பத்த விடுறதால 1000 மீட்டருக்கு 5 டிகிரி அளவுதான் குளிரும். எறங்குறப்ப மேகம் இல்ல, அதனால முழு 10 டிகிரியும் ஏறும். கரையில 27 டிகிரியில கெளம்புற காத்து 500 மீட்டர்ல மேகமாகி 2000 மீட்டர் ஏறினா பதினாலரை டிகிரிக்கு வந்துரும், அங்க இருந்து வெல்லவாய பக்கம் 200 மீட்டர் உயரத்துக்கு எறங்குறப்ப முப்பத்திரண்டரை. சும்மா ஒரு மலைய ஏறி எறங்கினதுக்கு 5 டிகிரிக்கு மேல கூடிப்போச்சு, ஈரமும் போச்சு. இது ஒத்தக் காத்துக்குப் போட்ட கணக்கு, நெசத்துல கூடக் கொறைய வரும், ஆனா நடக்குறது இதுதான். ஐரோப்பாவுல ஆல்ப்ஸ் மலைய தாண்டி எறங்குற காத்துக்கும் இதே கொணம், ஃபோன் காத்துன்னு அங்க சொல்லுவாங்க. நம்ம மட்டக்களப்பு ஆளுங்க இத கச்சான் காத்துன்னு சொல்லுவாங்க, அது அடிக்கிற மாசங்கள்ல வெளியில நிக்க முடியாதும்பாங்க. உங்க மூஞ்சிய உரிக்குற காத்து அதோட மேல்மலைப் பங்கு, பண்டாரவளை 1200 மீட்டருக்கு மேல இருக்கறதால அவ்வளவு சுடாது, ஆனா வறட்சி அதே வறட்சி.

நான் டீச்சரா சேர்ந்த புதுசுல ஒரு ஜூலை மாசம் பதுளைக்கு ரயில்ல போனேன். நானுஓயா தாண்டி பட்டிப்பொல வரைக்கும் (நம்ம நாட்டு ரயில் பாதையில ஆக உயரத்துல இருக்குற ஸ்டேஷன் அதுதான், 1891 மீட்டர்) ஜன்னல் எல்லாம் மூடி, பெட்டிக்குள்ளயே சாரல், ஒரு அம்மா சேலைத் தலைப்பால புள்ளைய மூடி வச்சிருந்தாங்க. அதுக்குப் பொறவு பாதையோட உச்சி, ஒரு சுரங்கம். இருட்டுல போயி வெளிய வந்தா வெயில்! ஒஹிய பக்கம் வானம் நீலமா இருக்கு, பெட்டி பூரா சடசடன்னு ஜன்னல தொறக்குறாங்க. எனக்கு அதுக்கு முந்தி மழைநிழல்ங்கிற சொல்லு, அதாவது மலை மறைச்சு மழை கொறயுற பக்கம், பரீட்சைக்கு படிச்ச சொல்லு மட்டும்தான். அன்னைக்குத்தான் அத கண்ணால பாத்தேன். எல்லா ஜூலையும் இப்புடி சுத்தமா பிரிஞ்சு இருக்காது, மேகம் சில நாள் சுரங்கத்த தாண்டியும் வழிஞ்சு வரும், ஆனா பாதை தெரிஞ்ச ரயில் ஆளுங்கள கேட்டுப்பாருங்க, எல்லாருக்கும் இந்தக் கதை ஒண்ணு இருக்கும்.

டிசம்பர்ல இருந்து பெப்ரவரி வரைக்கும் எல்லாம் தலைகீழ். அப்ப காத்து வடகிழக்கால, வங்காள விரிகுடா பக்கமிருந்து வருது, பதுளை, பசறை, லுணுகலை, வலப்பனை, இராகலை அத முன்னால நின்னு வாங்குது, உங்க அம்மா வீட்டுப் பக்கம் வானம் வெளிச்சிருக்கும். அந்தக் காத்து கடல் மேல வர்ற தூரம் கம்மி, அதனால தென்மேற்கு அளவுக்குக் கொட்டாது, பதுளையில ஒரு வருஷம் முழுக்க பெய்யிறதே 2000 மில்லிமீட்டருக்குக் கீழதான்.

தேயிலையில இது அப்புடியே தெரியும். ஊவா தேயிலைக்கு ருசி ஏறுற காலம் ஜூலையில இருந்து செப்டெம்பர், திம்புளை நுவரெலியா தேயிலைக்கு ஜனவரியில இருந்து மார்ச், எந்தப் பக்கம் வறட்சியோ அந்தப் பக்கம் வாசம். காஞ்ச காத்துல கொழுந்து மெதுவா வளந்து சத்து எறுகி நிக்கும். ஏலத்துல வெலை கூடும், ஆனா அதே காலத்துல கொழுந்து கொறஞ்சு, கூடையக் கட்டிக்கிட்டு நிக்கிற பொம்பளைக்கு கிலோ தேறாது. ருசியான டீன்னு ஒலகம் பூரா பேசுறப்ப இதயும் சேத்து ஞாபகம் வச்சிக்கணும்.

தங்கச்சி, வட்டவளையில நீங்க தண்ணிய பத்தி யோசிச்சே இருக்க மாட்டீங்க, பண்டாரவளையில யோசிக்கணும். அக்டோபர்ல இருந்து ஜனவரி வரைக்கும் உங்களுக்கு மழை இருக்கு, தகரத்துல விழுற தண்ணிய பீலி கட்டி டேங்க்ல பிடிச்சு வச்சிக்குங்க, ஆடி மாசத்துக்கு அது கொஞ்சமாவது கைகுடுக்கும்.

டீச்சர், மலை உச்சி சூரியனுக்கு கிட்டத்துல இருக்கு, அப்ப அங்கதானே சுடணும்? ஏன் குளிருது? எங்க கிளாஸ்ல யாருக்கும் சரியா சொல்லத் தெரியல. – 11ஆம் ஆண்டு மாணவன், கந்தப்பளை

தம்பி, கூச்சப்படாம கேட்டியே, நல்ல கேள்வி. சூரியன் இருக்குறது 15 கோடி கிலோமீட்டர் தூரத்துல, நம்ம ஆக உயர்ந்த மலை பிதுருதலாகல 2524 மீட்டர், ரெண்டரை கிலோமீட்டர் கிட்டப் போனதுல அந்தத் தூரத்துக்கு முன்னால ஒண்ணுமே கொறையாது. அடுத்து, சூரியன் காத்த நேரா பெருசா சூடாக்கறதில்ல. அது நெலத்தயும் கடலயும் சூடாக்குது, அந்த நெலம்தான் காத்துக்கு அடுப்பு, அடுப்ப விட்டு விலகி மேல போகப் போக குளிரு. அதோட மேல காத்தோட அழுத்தமும் கம்மி, கீழ இருந்து ஏறி வர்ற காத்து விரிஞ்சு தன் சூட்ட இழந்துரும்.

மேல தங்கச்சிக்கு சொன்ன 10ம் 5ம் ஏறி எறங்குற ஒத்தக் காத்துக்கு உள்ள கணக்கு; ஊருக்கு ஊரு அளந்து பாத்தா பொதுவா 1000 மீட்டருக்கு ஆறரை டிகிரி கொறையும். நீயே போட்டுப் பாரு, கொழும்பு சராசரி 27 டிகிரி, நுவரெலியா 1868 மீட்டர். பெருக்கிக் கழிச்சா 15 வரும். நெசமான சராசரி 16க்கு கிட்ட. ஏன் ஒரு டிகிரி கூடன்னு யோசி, நுவரெலியா தனியா நிக்கிற உச்சி இல்ல, மலைகளுக்கு நடுவுல ஒரு பெரிய சமதரை, பகல்ல அந்தத் தரையும் சூடாகுதில்ல, அதுவும் ஒரு காரணம். இந்தக் கணக்க பரீட்சையில எழுதினா மார்க் வரும்.

ஆனா வெயில மட்டும் நம்பாத. மேல காத்து மெல்லிசு, அதனால வெயிலோட தோல எரிக்கிற கதிரு கூடுதலா வருது. குளிருதேன்னு வெறுந்தலையோட வெளையாடினா சாயந்திரம் கன்னம் செவந்து எரியும்.

ஜனவரி மாசம் பனி அடிச்சு உருளைக்கிழங்குச் செடி கருகிப் போச்சுது. அதுல என்ன புதினம்னா, பள்ளத்துப் பாத்தி பூரா போச்சு, அதுக்கு மேல மேட்டுல போட்ட அதே சாதி கிழங்கு தப்பிச்சிருச்சு. உயரம் கூடினா குளிரு கூடும்னு தானே சொல்றீங்க? வெடியக்காலம் தண்ணி அடிக்கிறோம், அதுவும் சரியான்னு சொல்லுங்க. – மரக்கறி செய்யிற ஒருவர், நுவரெலியா

அண்ணே, நீங்க கவனிச்சது சரி, உயரக் கணக்கு சொன்னதும் சரி, ரெண்டும் மோதல. உயரக் கணக்கு மொத்த மலைக்கும் பொதுவா உள்ளது. பனி விழுற ராத்திரியில மட்டும் ஒரு சரிவுக்குள்ள கணக்கு கவுந்துரும்.

வடகிழக்கு காலத்துல இடையில சில நாள் மேகம் சுத்தமா வெலகி, காத்தும் அசையாம, நட்சத்திரம் பளிச்சுன்னு தெரியிற ராத்திரி வரும், உங்களுக்குத் தெரியும், அன்னைக்கே நெஞ்சு அடிச்சுக்கும். மேகம்ங்கிறது பூமிக்கு கம்பளி மாதிரி, அது இல்லன்னா பகல்ல நெலம் வாங்கின சூடு பூராவும் மேல போயிரும். நெலம் சில்லுன்னு ஆகும், அத ஒட்டுன காத்தும் குளிரும். குளிர்ந்த காத்து கனமானது. கனமானது என்ன செய்யும்? தண்ணி மாதிரியே சரிவுல எறங்கி பள்ளத்துல போயி தேங்கும். உங்க பள்ளத்துப் பாத்தி ராத்திரி முழுக்க ஒரு குளிர்க் குளத்துக்குள்ள முங்கி கெடந்திருக்கு, மேட்டுப் பாத்தி அந்தக் குளத்துக்கு வெளிய நின்னிருக்கு. நுவரெலியா டவுன் பக்கமே சுத்தி மலை இருக்குற ஒரு கிண்ணம்தானே, அம்பேவலை பக்கத்துப் புல்வெளிப் பள்ளங்களும், ஹோட்டன் சமவெளிப் பள்ளங்களும் இதே மாதிரிதான், வெள்ளையா உறைஞ்சு நிக்கிறது எப்பவும் அடிப்பள்ளம்.

இன்னொண்ணு, டீவியில “நுவரெலியா 3 டிகிரி”ன்னு சொன்னா உறையலன்னு நெனச்சிறாதீங்க. அவங்க அளக்குற வெப்பமானி தரையில இருந்து ஒண்ணேகால் மீட்டர் அளவு உயரத்துல ஒரு பொட்டிக்குள்ள இருக்கும். அதே நேரம் புல்லு மேல 0க்குக் கீழ போயிருக்கும்.

வெடியிறதுக்கு முந்தி தண்ணி அடிக்கிறது சரியான வேலை. ஊத்துத் தண்ணி எப்பவும் அந்த எலைய விட சூடு, பனிய கரைச்சு எடுத்துரும், வெயில் நேரா உறைஞ்ச எலை மேல விழுறதுக்குள்ள அடிச்சு முடிக்கணும், பாதியில நிறுத்தினா மிச்சத் தண்ணியும் உறைஞ்சு ரெண்டு மடங்கு கேடு. அதோட உங்க பாத்திக்குக் கீழ்ப்பக்கம் அடர்த்தியா வேலியோ கல்லுக்கட்டோ இருக்கான்னு பாருங்க, இருந்தா குளிர்க் காத்து அதுல முட்டி உங்க காணிக்குள்ளயே தேங்கும். ஒரு எடத்துல வாய் தொறந்து விடுங்க, மழைத் தண்ணிக்கு கான் வெட்டுற மாதிரி காத்துக்கும் ஒரு கான். அந்தப் பள்ளத்துல டிசம்பர் ஜனவரியில கிழங்கும் போஞ்சியும் வேணாம், கோவா, லீக்ஸ், கரட் லேசான பனிய தாங்கும், கிழங்கு தாங்காது.

ஏப்ரல்ல நுவரெலியாவுல பூ பூத்து வசந்தம்னு எல்லாரும் வர்றாங்க. நம்ம நாட்டுல உண்மையிலயே வசந்த காலம் இருக்கா? – இராகலை வாசகி

இல்லம்மா. நாம பூமத்திய ரேகைக்கு 7 டிகிரி வடக்கால இருக்கோம், வருஷம் பூரா சூரியன் உச்சிக்கு கிட்டதான், பகல் நீளமும் பெருசா மாறாது, அதனால வசந்தம், இலையுதிர்காலம்னு எதுவும் இல்ல. ஆக சூடான மாசத்துக்கும் ஆக குளிரான மாசத்துக்கும் சராசரியில சில டிகிரிதான் வித்தியாசம், ஒரே நாள்ல பகலுக்கும் ராத்திரிக்கும் இருக்குற வித்தியாசம் அத விட கூட. ஏப்ரல்ங்கிறது ரெண்டு பருவக்காத்துக்கு நடுவுல உள்ள ஓய்வு. காலையில நல்ல வெயில், ரெண்டு மூணு மணிக்கு மேல இடியோட மழை. பூ பூக்குறதுக்கு அது தோதான காலம்தான், பூந்தோட்டங்களயும் அந்த சீசனுக்குன்னு பாத்துப் பாத்து தயார் பண்றாங்க. வெளிநாட்டு வசந்தத்தோட பேர வெள்ளைக்காரன் காலத்துல இருந்து அதுக்கு வச்சிட்டோம். பின்னேரம் இடி முழங்குறப்ப ரேஸ் கோர்ஸ் திடல்ல மட்டும் நிக்காதீங்க.

தெல்தெனிய, தும்பறைப் பக்கம் இப்புடி காஞ்சு கெடக்குறது விக்டோரியா டேம் கட்டினதாலன்னு பெரியவங்க சொல்றாங்க. நெசமா? – கண்டி மாவட்ட வாசகர்

விக்டோரியா அணை தொறந்தது 1985ல. தும்பறைப் பள்ளத்தாக்கு அதுக்கு எத்தனையோ காலம் முந்தியே மழை கொறஞ்ச எடம், புகையிலை நல்லா வந்த மண்ணு. கொழும்புப் பக்கமிருந்து வர்ற காத்த கண்டி மலைகளும் மத்திய மலைகளும் பிடிச்சு வச்சுக்கும், கிழக்கால இருந்து வர்றத நக்கிள்ஸ் மலைத்தொடர் பிடிச்சு வச்சுக்கும், நடுவுல தும்பறைக்கு ரெண்டு பக்கமும் மிச்சம்தான் வருது. இதே நக்கிள்ஸோட கிழக்குச் சரிவுல போயி பாருங்க, டிசம்பர்ல அடை மழை, மேற்குப் பக்கம் எறங்கினா புல்லு பழுத்துக் கெடக்கும்.

இவ்வளவு பெரிய நீர்த்தேக்கம் கரையோரத்துல காலையில கொஞ்சம் பனிமூட்டம், பகல்ல லேசான குளிர்ச்சி, அந்த மாதிரி சின்ன மாத்தங்கள குடுக்கும். ஒரு பள்ளத்தாக்கோட மழைய மாத்துற பலம் அதுக்கு இல்ல. ஊர இழந்த சனங்களுக்கு அந்த டேம் மேல இருக்குற வலி எனக்குப் புரியுது, அந்த வலி நியாயம். மழைக்கு மட்டும் அது காரணம் இல்ல.

எங்க அம்மாச்சிக்கு எண்பது வயசு. “முந்தியெல்லாம் கம்பளி இல்லாம பெரட்டுக்கு (காலையில வேலைக்கு ஆள் பிரிக்கிற எடத்துக்கு) போவ முடியாது, இப்ப இங்க என்ன குளிரு இருக்கு, காட்ட அழிச்சாய்ங்க குளிரு போச்சு”ன்னு தெனமும் சொல்லுது. அம்மாச்சி சொல்றது சரியா? – பொகவந்தலாவையில இருந்து பேத்தி

மகள், அம்மாச்சிக்கு என்னோட வணக்கத்த சொல்லு. அவங்க ஒடம்பு சொல்றது பொய் இல்ல. உலகம் முழுக்க சராசரி வெப்பம் தொழிற்புரட்சிக்கு முந்தின காலத்த விட 1 டிகிரிக்கு மேல கூடிருச்சு. ஒரு டிகிரிதானேன்னு தோணும். மேல தம்பிக்கு சொன்ன கணக்க திருப்பிப் போடு, 1000 மீட்டருக்கு ஆறரை டிகிரின்னா ஒரு டிகிரிங்கறது 150 மீட்டர் உயரம். அதாவது காலநிலைய பொறுத்தவரைக்கும் உங்க தோட்டத்த அப்புடியே தூக்கி 150 மீட்டர் கீழ எறக்கி வச்ச மாதிரி. அம்மாச்சி ஒரே லயத்துல இருந்துக்கிட்டே கீழ்நாட்டுப் பக்கம் எறங்கி வந்திருக்காங்க. சமதரையில இருக்குறவங்களுக்கு குளிரு தேடி மேல ஏற ஒரு எடமாவது உண்டு, பிதுருதலாகல உச்சியில நிக்கிற மரத்துக்கு மேல போக மலை கிடையாது.

காட்டுக்கதையும் உண்மைதான், ஆனா அது அம்மாச்சி காலத்துக்கும் முந்தி தொடங்கினது. 1867ல ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரையில 19 ஏக்கர்ல தேயிலை போட்டாரு, அதுக்கு முந்தியே கோப்பிக்காக மலை மலையா மொட்டை அடிச்சிட்டாங்க, அந்தக் காட்ட வெட்டினதுல நம்ம முன்னோருங்க கையும் உண்டு. 1873ல ஜோசப் ஹூக்கர்ங்கிற தாவரவியல் அறிஞர் சொல்லி, 5000 அடிக்கு மேல உள்ள காட்டத் தொடாதீங்கன்னு அரசாங்கம் உத்தரவு போட்டுச்சு, ஹோட்டன் சமவெளிக் காடு இன்னைக்கு மிச்சம் இருக்குறதுக்கு அது ஒரு பெரிய காரணம்.

அந்த மேகக்காட்ட ஒரு தடவ போயி பாரு. மரமெல்லாம் குட்டையா, காத்தடிச்சு ஒரு பக்கமா வளைஞ்சு, கிளை பூரா பாசி தொங்கும். மழையே இல்லாத நாள்ல கூட மேகம் அதுக்குள்ள புகுந்து போறப்ப எலையிலயும் பாசியிலயும் துளித்துளியா சேந்து சொட்டிக்கிட்டே இருக்கும். மழைமானியில பதியாத தண்ணி அது. மகாவலி, களனி, வளவை கங்கைக்கெல்லாம் தண்ணி குடுக்குற தலைமாடு அந்த மலைகள். காட்ட வெட்டினா மேகம் சும்மா தலைக்கு மேல போயிரும், பிடிச்சு வைக்க ஆள் இல்ல. தோட்டத்து ஊத்து வத்திப்போறதுக்கும் மேல இருந்த காடு போனதுக்கும் சம்பந்தம் இருக்கா, எந்த வருஷம் எந்த ஊத்து நின்னுச்சுன்னு அம்மாச்சிக்கிட்ட கேட்டு எழுதி வையி, அந்தக் கணக்கு வேற யாருகிட்டயும் இல்ல.

நாங்க பூனாகலை பக்கம் ஒரு ஸ்கூல். 2014ல மீரியபெத்தையில நடந்த மண்சரிவு எங்க புள்ளைங்களுக்கு இன்னும் கத கதயா தெரியும். மழைய நாங்களே அளக்க முடியுமா? அளந்து என்ன பிரயோசனம்? – ஒரு ஆசிரியை

முடியும் டீச்சர், செலவே இல்லாம முடியும், இத கேட்டதுக்காகவே உங்களுக்கு நன்றி.

மொதல்ல உங்க எடத்த புரிஞ்சிக்கணும். கொஸ்லந்தை, பூனாகலை மலையோட தெக்கு முகம், தாழ்வான தெக்குச் சமவெளிய பாத்து நிக்கிற செங்குத்தான சரிவு. உங்களுக்கு பயம் தர்ற காலம் அக்டோபர் நவம்பர், ரெண்டு பருவக்காத்துக்கும் இடைப்பட்ட காலம், பின்னேர இடிமழையோட வங்காள விரிகுடாவுல இருந்து தாழமுக்கமும் சேந்து வரும். மீரியபெத்தை மண்சரிவும் அக்டோபர் 29ந்தேதிதான். நாள்கணக்கா ஊறின மண்ணு மேல இன்னொரு பெரிய மழை, லயம் லயமா மண்ணுக்குள்ள போச்சு, அந்த சனங்கள நெனச்சா இப்பவும் எழுதுற கை நிக்குது. இது வரைக்கும் நான் சொன்ன மழைப் பக்கம், மழைநிழல் பக்கம்ங்கிற பாகுபாடெல்லாம் பருவக்காத்துக்குத்தான். புயலுக்கு அது செல்லாது. 2025 நவம்பர் கடைசியில வந்த டித்வா புயல் கண்டி, நுவரெலியா, பதுளைன்னு எல்லாப் பக்கத்தயும் ஒரே அடியா அடிச்சுச்சு. அதனால “எங்க பக்கம் காஞ்ச பக்கம், எங்களுக்கு வராது”ன்னு யாரும் இருக்கக் கூடாது.

இப்ப அளக்குற வேலை. மேலயும் கீழயும் ஒரே அகலமா உள்ள ஒரு போத்தலோ டின்னோ எடுங்க, சோடா போத்தல்னா மேல்பகுதிய வெட்டி புனல் மாதிரி கவுத்து வைங்க, அடியில வளைவு இருந்தா அந்த வளைவு மூடுற வரைக்கும் சின்னக் கல்லும் தண்ணியும் போட்டு அந்த மட்டத்த 0ன்னு கோடு போடுங்க. அங்க இருந்து அடிமட்டத்தால மில்லிமீட்டர் அளவு. போத்தல் அகலம் எவ்வளவா இருந்தாலும் பரவால்ல, உயரம்தான் கணக்கு, ஆனா மேல இருந்து கீழ வரைக்கும் ஒரே அகலமா இருக்கணும். மரத்துக்கும் கூரைக்கும் தூரமா வெட்டவெளியில கட்டி வைங்க. தெனமும் காலையில எட்டரை மணிக்கு ஒரே நேரத்துல பாத்து எழுதிட்டு கொட்டிருங்க. தோட்டத்து ஆபிஸ்ல இஞ்சிக் கணக்கு சொன்னா, ஒரு இஞ்சி 25.4 மில்லிமீட்டர். புள்ளைங்களுக்கு இன்னொரு விதமா சொல்லலாம், ஒரு மில்லிமீட்டர் மழைன்னா ஒரு சதுர மீட்டர் தரையில ஒரு லீட்டர் தண்ணி.

பிரயோசனம் இதுல இருக்கு. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவு எச்சரிக்கைக்கு வச்சிருக்குற அளவு இது: 24 மணி நேரத்துல 75 மில்லிமீட்டர் தாண்டினா கவனமா இருக்கணும், 100 தாண்டினா தயாரா இருக்கணும், 150 தாண்டினா, இல்ல ஒரே மணி நேரத்துல 75 பெஞ்சா, வெளியேறணும். பெரிய மழைநாள்ல காலை வரைக்கும் காத்திருக்காம மணிக்கு ஒருக்கா பாருங்க, ராத்திரின்னா லயத்துல யாராவது பெரியவங்க டோர்ச் அடிச்சுப் பாக்கட்டும், போத்தல் ஒண்ண ஸ்கூல்லயும் இன்னொண்ண லயத்துப் பக்கமும் வைங்க, ஏன்னா உங்க மலையில ஒரு வளைவு தாண்டினாலே மழை அளவு மாறிடும், டவுன்ல இருக்குற மழைமானி உங்க சரிவுக்காக பேசாது. அளவு எட்டாட்டியும், தரையில புதுசா வெடிப்பு, மரம் லயம் சாயுறது, ஊத்துத் தண்ணி திடீர்னு கலங்குறது இல்ல நிக்கிறது, இதுல ஒண்ணு கண்டாலும் உத்தரவுக்கு காத்திருக்காதீங்க, புள்ளைங்கள கூட்டிக்கிட்டு கெளம்பிருங்க. அனர்த்த முகாமைத்துவ நிலையத்துக்கு 117.

கொப்பி ஒண்ணுல தேதி, அளவு, காத்து எந்தப் பக்கமிருந்து வந்துச்சு, இந்த மூணு கட்டம் போதும். மூணு மாசம் எழுதி எனக்கு ஒரு பிரதி அனுப்புங்க டீச்சர், பண்டாரவளைத் தங்கச்சியையும் இதே மாதிரி எழுதச் சொல்றேன், வட்டவளையில அவங்க அம்மா வீட்டுக்கும் ஒரு போத்தல் குடுத்து அனுப்பட்டும். மூணு கொப்பியயும் பக்கத்துல பக்கத்துல வச்சு அடுத்த மழைக்காலத்து இதழ்ல போடுவோம்.